தீவனக் கணக்கு போடும் மென்பொருள்: பள்ளத்தூர் வழியில் ஒரு கொட்டகையின் அனுபவம்

எங்கள் கொட்டகை காரைக்குடியிலிருந்து பள்ளத்தூர் போகும் வழியில், செம்மண் பொட்டலில் இருக்கிறது. ஒரு பேட்சுக்கு 3,000 கறிக்கோழி. குஞ்சு, தண்ணீர், கூளம், விளக்கு எல்லாம் என் கணவர் பொறுப்பு. தீவனச் சரக்கு வாங்குவதும் பேரேடு எழுதுவதும் என் பொறுப்பு. என் அப்பா கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். வருடக் கடைசியில் ஐந்தொகை பொருந்தாவிட்டால், நாலணா வித்தியாசத்துக்காக விடிய விடிய உட்கார்ந்திருப்பார். அந்தப் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதனால், கோழித் தீவனத்தில் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களைக் கணினியே கணக்கிட்டுத் தரும் என்று ஒரு தம்பி மடிக்கணினியோடு வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தபோது, நான் முதலில் கேட்டது இதைத்தான்: "அது தப்பாகக் கணக்குப் போட்டால் யார் காசு?" அவர் சிரித்தார். பதில் வரவில்லை.

ஆண்டுச் சந்தா 18,000 ரூபாய். கட்டினேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. திட்டப்போவதும் உண்டு, மெச்சப்போவதும் உண்டு, இரண்டையும் பெயரில்லாமல் செய்வதே எனக்கு வசதி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தப் பண்ணைக்காரர்களுக்கு இது வேண்டாத செலவு. கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுத்து, வளர்ப்புக் கூலி தரும் இடத்தில் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை. எங்களைப்போல மக்காச்சோளத்தையும் சோயா புண்ணாக்கையும் தனித்தனியாக வாங்கி, சொந்தமாக அரைத்துக் கலக்குகிறவர்களுக்குத்தான் இந்த விமர்சனம்.

நாமக்கல்லில் இருக்கும் ஓர் உறவினர் எழுதிக்கொடுத்த சீட்டை வைத்துத்தான் ஏழு வருடம் கலக்கினோம். மக்காச்சோளம் இவ்வளவு, சோயா இவ்வளவு, தவிடு, எண்ணெய், சுண்ணாம்புக்கல் தூள், ஒரு பாக்கெட் மெத்தியோனின், ஒரு பாக்கெட் லைசின் (இரண்டும் அமினோ அமிலங்கள்). சீட்டின் அடியில் "புரதம் 20" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். அந்த 20-ஐத்தான் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தோம். கோழிக்கு வேண்டியது புரதம் என்ற மொத்தத் தொகை இல்லை, அதன் உள்ளே இருக்கும் தனித்தனி அமினோ அமிலங்கள் என்பதை இந்த மென்பொருளின் முதல் பக்கம்தான் எனக்குப் புரியவைத்தது. வாய் உடைந்த பானையில், உடைந்த மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்காது. ஒரு அமினோ அமிலம் குறைந்தால் மற்றவை எவ்வளவு இருந்தாலும் அந்த மட்டத்தோடு வளர்ச்சி நின்றுவிடும். மிச்சமான புரதத்தைக் கோழி உடைத்து, யூரிக் அமிலமாக எச்சத்தில் தள்ளிவிடும். அதோடு தண்ணீரும் போகும். கூளம் நசநசக்கும், அம்மோனியா கண்ணைக் கரிக்கும். காலை ஆறு மணிக்குக் கொட்டகைக் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது என்னுடைய சோயாக் காசுதான் என்று தெரிந்தபோது கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவே இருந்தது.

திரையில் லைசினுக்கு 100 என்று போட்டு, மற்றதெல்லாம் அதற்கு எத்தனை விகிதம் என்று காட்டுகிறார்கள். மெத்தியோனினும் சிஸ்டைனும் சேர்ந்து ஏறக்குறைய 75, திரியோனைன் 65 சொச்சம், வேலைன் 75-க்கு மேல். லைசினை அடிப்படையாக வைப்பதற்குக் காரணம் உண்டு. அது பெரும்பாலும் சதை வைப்பதற்கே செலவாகிறது, இறகுக்கோ வேறு வேலைக்கோ அதிகம் பிரிந்து போவதில்லை. இறகுக்குச் சிஸ்டைன் வேண்டும். மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனின், அடுத்தது லைசின், மூன்றாவது திரியோனைன். இந்த மூன்றாவதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

மென்பொருளின் முதல் பகுதி, குறைந்த விலைக் கலவை. சரக்குகளின் விலையைப் போட வேண்டும், எது குறையக் கூடாது, எது மிஞ்சக் கூடாது என்று சொல்ல வேண்டும், பொத்தானை அழுத்தினால் ஒரு கண் சிமிட்டலில் விடை. இதற்குப் பின்னால் இருக்கும் கணக்குக்கு நேரியல் திட்டமிடல் என்று பெயர். 1945-இல் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், ஒரு மனிதன் வருடம் முழுவதும் சத்துக் குறையாமல் சாப்பிட ஆகும் மிகக் குறைந்த செலவு எவ்வளவு என்று 77 உணவுப் பொருள்களை வைத்துக் கணக்குப் போட்டார். 39 டாலர் 93 சென்ட் என்று வந்தது. 1947-இல் டான்சிக் என்பவர் கண்டுபிடித்த முறையில் அதே கணக்கைப் போட்டுப் பார்க்க ஒன்பது குமாஸ்தாக்கள் மேசைக் கணக்கு இயந்திரங்களோடு உட்கார, 120 ஆள்நாள் பிடித்தது. வித்தியாசம் 24 சென்ட். அந்த ஒன்பது பேரோடும் என் அப்பாவை உட்கார வைத்திருந்தால் சந்தோஷமாக வேலை பார்த்திருப்பார். ஸ்டிக்லர் பட்டியலில் கோதுமை மாவும் சுண்டக் காய்ச்சிய டின் பாலும் முட்டைக்கோசும் பசலைக்கீரையும் காய்ந்த மொச்சை வகையும்தான் மிஞ்சின. மனிதன் அதை ஒரு வாரம்கூடத் தின்னமாட்டான். கோழி வாய் திறந்து குறை சொல்லாது என்பதால், அந்தக் கணக்கு தீவனத் தொழிலுக்கு வந்து நிலைத்துவிட்டது.

கோழி சொல்லாததைச் செட்டிநாட்டுச் சமையல்காரர் சொல்வார். அதற்கு வருகிறேன்.

மாசி மாதம் முதல் பேட்சுக்கு நானே விலைகளைப் போட்டு அழுத்தினேன். வந்த கலவை கிலோ 36 ரூபாய் 20 காசு. பழைய சீட்டின்படி 38 ரூபாய். 50 கிலோ மூட்டைக்கு 90 ரூபாய் மிச்சம். நான் பூரித்துப்போய் அந்தக் காகிதத்தைப் பேரேட்டில் ஒட்டிவைத்தேன். அதில் கடலைப் புண்ணாக்கு 10 சதவீதம், எண்ணெய் எடுத்த தவிடு இருந்ததில் இரண்டு மடங்கு, சோயா பாதியாகக் குறைந்திருந்தது. என் கணவர் மட்டும், "கடலைப் புண்ணாக்கு இவ்வளவா?" என்றார். கணினி சொல்கிறது என்றேன்.

இருபதாம் நாளிலேயே தெரிந்துவிட்டது. முதுகில் இறகு சரியாக மூடவில்லை. ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, ஒரே தாய்க்குப் பிறந்தவை போலவே இல்லை. 42 நாளில் 2 கிலோ வர வேண்டியது 46 நாள் ஆனது. ஒரு கிலோ உயிர் எடைக்கு 1.93 கிலோ தீவனம் தின்றிருந்தன. முந்தைய பேட்சில் 1.83. பெருக்கிப் பாருங்கள். பழைய சீட்டில் ஒரு கிலோ கோழிக்குத் தீவனச் செலவு 69 ரூபாய் 54 காசு. புதிய கலவையில் 69 ரூபாய் 87 காசு. மூட்டையில் 90 ரூபாய் மிச்சம் பிடித்து, கோழியில் கிலோவுக்கு 33 காசு அதிகம் கொடுத்திருக்கிறேன். நாலு நாள் கூடுதல் கூலி, மின்சாரம் தனி.

காரைக்குடியில் எங்களிடம் கோழி எடுக்கும் மெஸ் ஒன்று உண்டு. அதன் சமையல்கார அண்ணன் கல்லுக்கட்டியில் பிறந்து வளர்ந்தவர். மிளகையும் சோம்பையும் கல்பாசியையும் வறுக்கும்போது வாசனையை வைத்தே அடுப்பைத் தணிப்பார். அவர் ஒரு கோழியின் வயிற்றிலிருந்து மஞ்சள் கொழுப்பை எடுத்து, வாழை இலைத் துண்டில் வைத்து என்னிடம் நீட்டினார். உள்ளங்கை அளவு இருந்தது. "ஆச்சி, எனக்குக் கோழியை அனுப்பினீர்களா, நெய் அனுப்பினீர்களா? மிளகு வறுவலில் எண்ணெய் தனியாக நிற்கிறது," என்றார். வெட்கமாகப் போய்விட்டது. புத்தகத்தில் படித்தால் புரியாத ஒன்று அந்த இலைத் துண்டில் புரிந்தது. சதை வைக்க வேண்டிய அமினோ அமிலம் போதாதபோது, தின்ற மாவுச்சத்து கொழுப்பாகத்தான் தங்கும்.

நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர்களிடம் கால்நடை மருத்துவம் படித்த ஒரு பெண் இருக்கிறார், தொலைபேசியில் ஆலோசனை சொல்பவர். நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "அம்மா, திரியோனைனுக்கும் வேலைனுக்கும் குறைந்தபட்ச அளவே போடாமல் விட்டிருக்கிறீர்கள். அது வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் கணினி கொடுக்கவில்லை," என்றார். உண்மைதான். அந்தக் கட்டங்கள் காலியாகவே வருகின்றன. கடலைப் புண்ணாக்கில் புரதம் நிறைய, அர்ஜினைன் நிறைய. லைசின், மெத்தியோனின், திரியோனைன் மூன்றும் சோயாவை விடக் குறைவு. லைசினையும் மெத்தியோனினையும் பாக்கெட்டிலிருந்து ஈடுகட்டிய கணினி, மூன்றாவதைக் கேட்பாரில்லை என்று விட்டுவிட்டது. கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருக்கலாம் என்பதற்கும் ஒரு கட்டமும் இல்லை. என் தவறு பாதி. புதிதாக வருகிறவர் முன்னால் காலிக் கட்டங்களை வைத்து, எச்சரிக்கை ஒன்றும் காட்டாமல் விடை கொடுக்கும் திரை, மீதிப் பாதி. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் சேவையில் இது சின்னக் குறை இல்லை.

அந்த டாக்டர் அம்மா இன்னொன்றும் கேட்டார். "உங்கள் சோயா என்ன நிறம்?" கொஞ்சம் பழுப்பு என்றேன். ஒரு மாதிரியை நாமக்கல்லில் ஒரு தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னார். 1,600 ரூபாய், கூரியர் தனி. சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று இருக்கிறது, அதற்காக வறுக்கிறார்கள். குறைவாக வறுத்தால் அந்தத் தடை போகாது. அதிகமாக வறுத்தால் லைசின் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு கோழிக்குப் பயன்படாமல் போய்விடும். தோசை முறுகும்போது நிறம் மாறுவதும் இதே வேலைதான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் புரதம் எத்தனை சதவீதம் கரைகிறது என்று பார்த்துச் சொல்கிறார்கள். 75-க்கும் 85-க்கும் நடுவே இருந்தால் நல்ல சரக்கு. என்னுடையது 68. மென்பொருளோ அட்டவணையில் இருக்கும் உத்தமமான சோயாவை மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. வியாபாரி என்னிடம் விற்றது வேறு சோயா.

சோதனை அறிக்கையிலும் ஒரு கண்ணி உண்டு. அதில் வருவது மொத்த லைசின். மென்பொருள் கேட்பது செரிமானமாகும் லைசின். மொத்தத்தைச் செரிமானக் கட்டத்தில் போட்டுவிட்டால் கோழி பட்டினி, காகிதத்தில் விருந்து. இரண்டு கட்டங்களும் ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே நிறத்தில், சின்ன ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. இந்தியும் உண்டு. தமிழ் இல்லை. பல்லடத்திலும் நாமக்கல்லிலும் இத்தனை லட்சம் கோழி வளரும் மாநிலத்துக்கு விற்கிறவர்கள் தமிழ்த் திரை போடாததற்கு என்ன காரணம் சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. கேட்டேன், "பரிசீலனையில்" என்றார்கள்.

இனி மெச்சும் பகுதி.

கலவை விடைக்குக் கீழே ஒரு சின்னப் பட்டியல் வருகிறது, பலர் பார்க்காமலே மூடிவிடுவார்கள். நிழல் விலை. ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் ஒரு படி இறுக்கினால் செலவு எத்தனை காசு ஏறும் என்று அது சொல்லும். கலவையில் சேராத சரக்குகள் எந்த விலைக்கு வந்தால் சேரும் என்றும் சொல்லும். எனக்கு இந்தப் பக்கம் ஒன்றுக்காகவே சந்தா கட்டலாம். ஒரு நாள் அதில் நொய்யரிசிக்கு நேரே 23 ரூபாய் 40 காசு என்று இருந்தது. எங்கள் பக்கத்து அரிசி ஆலைக்காரர் 25 சொல்லிக்கொண்டிருந்தார். முன்பானால் 25 மலிவு என்று அள்ளிக்கொண்டு வந்திருப்பேன். இந்தத் தடவை 23-க்கு மேல் ஒரு காசு தரமாட்டேன் என்று நின்றேன். மூன்றாம் நாள் 23-க்கே அனுப்பினார். பேரம் பேசும்போது எந்த இடத்தில் எழுந்து நடக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று காரைக்குடிச் சந்தையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

(நொய் சேர்த்த பேட்சைப் பார்த்துச் சமையல்கார அண்ணன், "கோழி வெளுத்துக் கிடக்கிறதே, சோகையா?" என்றார். மக்காச்சோளத்தின் மஞ்சள் நொய்யில் கிடையாது. தோல் நிறத்துக்கும் மென்பொருளில் கட்டம் இல்லை. இப்போது நொய்க்கு நானே 15 சதவீத உச்சவரம்பு போட்டுவைத்திருக்கிறேன்.)

இரண்டாம் பகுதிதான் உண்மையான சரக்கு. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் விற்க வந்த தம்பி அதைக் காட்டவே இல்லை. அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். வளர்ச்சி மாதிரி என்று பெயர். வாரா வாரம் கோழியின் எடை, தின்ற தீவனம், கொட்டகை வெப்பம், கோழி விற்கும் விலை எல்லாம் கொடுத்தால், கோழி எந்த நாளில் எந்த எடைக்கு வரும் என்று ஒரு வளைகோடு போடுகிறது. மெதுவாகத் தொடங்கி, நடுவில் வேகமெடுத்து, பிறகு தணியும் கோடு. இதன் சூத்திரம் 1825-இல் கோம்பர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் மனிதர்கள் எந்த வயதில் எவ்வளவு சாகிறார்கள் என்று கணக்கிட எழுதியது. ஆயுள் காப்பீட்டுக்காரர்களின் சூத்திரம் நம் கோழிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

முதல் பகுதி மூட்டையை மலிவாக்கப் பார்க்கும். இரண்டாம் பகுதி கோழியிலிருந்து கையில் மிஞ்சும் காசைப் பெரிதாக்கப் பார்க்கும். இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் மாசியில் ஏமாந்தேன். லைசினை ஏற்ற ஏற்ற எடை கூடும், ஆனால் ஒவ்வொரு படிக்கும் கூடுவது முந்தைய படியை விடக் குறைவு. ஒரு கட்டத்தில், போடும் லைசினின் காசை வரும் கறியின் காசு தாண்டாது. அந்த இடம் எது என்பது கோழி விலையைப் பொறுத்து நகரும். கிலோ 110 விற்கும்போது ஓர் அளவு, 75-க்கு விழும்போது அதைவிடக் குறைந்த அளவு. புரட்டாசியில் பாதி ஊர் கறியை நிறுத்திவிடும், கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடும், தையில் பழனிக்குக் காவடியோடு நடந்துவிடும். கணினிக்குப் புரட்டாசி தெரியாது. எனக்குத் தெரியும். குஞ்சு விடும் நாளிலிருந்து 42 நாள் எண்ணி, விற்கும் வாரத்தில் என்ன விலை இருக்கும் என்று நான் ஊகித்துப் போடுகிறேன், மீதியை அது பார்த்துக்கொள்கிறது.

ஆனியில் ஒரு சோதனை செய்தேன். என் கணவர் கொட்டகையின் நடுவே கம்பிவலை கட்டினார். ஒரு பக்கம் 1,500 குஞ்சுக்குப் பழைய நாமக்கல் சீட்டு. மறுபக்கம் 1,500 குஞ்சுக்கு வளர்ச்சி மாதிரி சொன்ன கலவை, சோதித்த சோயா, திரியோனைன் பாக்கெட் சேர்த்து. புதிய தீவனம் கிலோ 39 ரூபாய் 10 காசு, பழையதைவிட 1 ரூபாய் 10 காசு அதிகம். அதில் மொத்தப் புரதம் பழையதைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் குறைவு. புரதம் குறைந்தும் விலை அதிகமா என்று என் கணவர் சந்தேகமாகப் பார்த்தார். பழைய பக்கம் கிலோவுக்கு 1.82 தீவனம், புதிய பக்கம் 1.71. பெருக்கினால் 69 ரூபாய் 16 காசுக்கு எதிராக 66 ரூபாய் 86 காசு. கிலோவுக்கு 2 ரூபாய் 30 காசு. முழுக் கொட்டகைக்கும் என்றால் ஒரு பேட்சுக்கு 13,000 ரூபாய் பக்கம். எல்லா பேட்சும் அப்படியே அமையும் என்று நம்பும் ஆள் நான் இல்லை. ஆனாலும் புதிய தீவனப் பக்கம் கூளம் காலில் பொடிப்பொடியாக உதிர்ந்தது, பழைய பக்கம் அப்பிக்கொண்டது. அதைக் காண எந்தக் கணினியும் வேண்டியதில்லை. அம்மோனியா குறைந்ததில் எனக்குக் காலை இருமலும் குறைந்தது.

வெயில் விஷயத்தில் இந்த வளர்ச்சி மாதிரி இன்னும் செட்டிநாட்டுக்கு வந்து சேரவில்லை. கட்டத்தில் தானாக 22 டிகிரி என்று இருக்கிறது. சித்திரையில் எங்கள் கொட்டகை ஓட்டுக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு 38 காட்டும். நாளுக்கு ஒரே ஒரு சராசரிதான் போட முடியும். பகல் 38, இரவு 27, சராசரி 32 சொச்சம் என்று போட்டால், கோழி நாள் முழுவதும் மிதமாகத் தின்கிறது என்று அது நினைத்துக்கொள்கிறது. உண்மையில் பகலெல்லாம் வாயைப் பிளந்து மூச்சிரைத்துக்கொண்டு கிடந்து, விடியலுக்கு முன்புதான் தின்னும். கணக்குப்படி தின்ன வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு தொட்டியிலேயே கிடந்தது. தின்பது குறைந்தால் ஒவ்வொரு கொத்திலும் அமினோ அமிலம் கூடுதலாக இருக்க வேண்டும். புரதத்தை அப்படியே ஏற்றினால் அதைச் செரிக்கவே உடம்பில் சூடு ஏறும். அதனால் புரதத்தைக் குறைத்து, பாக்கெட் அமினோ அமிலத்தையும் கொஞ்சம் எண்ணெயையும் கூட்டச் சொன்னது திரையில்லை, அந்த டாக்டர் அம்மாதான். இந்த நிறுவனத்திடம் இருப்பதிலேயே நல்ல மென்பொருள் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியை எடுக்கமாட்டார், அதுவும் சரிதான்.

500 கோழிக்காரர்கள் இதற்குள் வர வேண்டாம். சந்தாவும் சோதனைச் செலவும் சேர்ந்து எனக்கு வருடம் 26,000 ஆகிறது. 500 கோழியில் அதை எடுக்க முடியாது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே சரக்கு வாங்கி, ஒரே சந்தா கட்டினால் கட்டுப்படியாகும், அதற்கு விதியில் இடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 2,000-க்கு மேல் வளர்த்து, பேரேடு எழுதும் பழக்கமும் இருந்தால் வாங்கலாம். பேரேடு எழுதாதவர்கள் வாங்கினால், அது கெட்டதா நல்லதா என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது. நட்சத்திரம் கேட்டால் முதல் பகுதிக்கு இரண்டரை, வளர்ச்சி மாதிரிக்கு நாலு.

போன வாரம் புதுப்பிக்கச் சொல்லி அழைத்தார்கள். ஆறு மாதத்துக்கு மட்டும் கட்டியிருக்கிறேன். வியாழக்கிழமை புதுக் குஞ்சு இறங்குகிறது. புதுச் சோயா வந்து அடுக்கியாகிவிட்டது, இந்தத் தடவை நிறம் வெளிறி இருக்கிறது. வறுத்தது போதவில்லையோ என்று சந்தேகம். நாமக்கல்லிலிருந்து அறிக்கை வரும்வரை அந்த மூட்டைகளை யாரும் பிரிக்கக் கூடாது என்று சாவியை இடுப்பில் செருகிவைத்திருக்கிறேன்.